‘பொண்ணுட வளவு’ யார் எடுத்த படம்

அன்பு மகன் றிபாதுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். கட்டார் வெக்கையில நீயும் அஸ்னாவும் உடம்புக்கு ஒண்டுமில்லாம இரிக்க வேணும் எண்டு ஒவ்வொரு தொழுகையிலயும் அல்லாஹ்விட்ட கேட்டுக்கொண்டுதான் இரிக்கன். இங்க எனக்கு மூச்சு முட்டுற வருத்தம் குறைஞ்சிட்டு. தங்கச்சி றுஸ்தாக்கு ஆறு மாசம் நடக்குது, மாங்காய் மாங்காய் எண்டு எல்லார்ர உசிரையும் எடுக்கிறாள். மழை பிந்தினாலும் வயல் விதைச்சாச்சு. போன் இரிக்கக்குள்ள உம்மா ஏன் கடிதம் எழுதுறா எண்டு யோசிப்பாய். போனில கதைச்சா நீ நடுவில விடுங்க உம்மா எண்டுருவாய், உன்ட வாப்பாவும் மௌத்தாகி மண்ணுக்குள்ள போகுமட்டும் அதைத்தான் சொன்னவர். எனக்கு விட ஏலா மகன். ஒரு தரமாவது நான் முழுசாச் சொல்லி முடிக்க வேணும்.

போன சனிக்கிழமை பின்னேரம் மசூர் சாச்சாட தோணா விஷன் வீடியோக் கம்பெனிக்கு இருபது வருசம் எண்டு நம்மட ஊர் மண்டபத்தில விழா வெச்சான். நானும் றுஸ்தாவும் போய் பொண்டுகள் பக்கத்தில இருந்தம். முதலில நீ அனுப்பின வீடியோ வாழ்த்தைத்தான் திரையில போட்டாங்க. நீ கோட்டும் போட்டுக்கொண்டு, தோணா விஷனைத் தனி ஆளாக் கட்டி எழுப்பின எங்கட மசூர் சாச்சா, என்னை இந்தத் துறைக்குக் கொண்டு வந்த மனிசன் எண்டு சொன்னாய். மண்டபம் முழுக்கக் கைதட்டிச்சு. உன்னில கோவமில்ல. அவன் கேட்டான், உனக்குத் தெரிஞ்சதை நீ சொன்னாய். ஆனா என்ட பிள்ளைட வாயால அந்தப் பொய்யைச் சொல்ல வெச்சானே, அது பழைய களவைவிடப் பெரிய களவு.

தோணா விஷனைத் தொடங்கினது மசூர் இல்ல, உன்ட வாப்பாவும் இல்ல, நான். வாப்பா கலியாண வீடியோ எடுக்கப் போனா ஆம்புளைகள் பக்கம் மட்டும்தான் எடுக்க ஏலும், பொண்ணு இரிக்கிற அறைக்குள்ள ஆம்புளை கமராவோட போகலாமா. அதனால ஒரு நாள் கமராவை என்ட கையில தந்து நீ போ ஜெமீலா எண்டார். அதுக்குப் பிறகு சாய்ந்தமருது, மருதமுனை, நிந்தவூர் எண்டு எங்க கலியாணம் நடந்தாலும் ஜெமீலா வருவாவா எண்டு கேட்டுட்டுத்தான் நாள் குறிப்பாங்க. வெட்டி ஒட்டுறதும் நான்தான், ரெண்டு வீடியோ டெக்கை வெச்சுக்கொண்டு, உன்னை மடியில போட்டுக்கொண்டு. கம்பெனிக்குப் பேர் வெச்சதும் நான், வீட்டுக்குப் பின்னால தோணா ஓடைத் தண்ணி கடலுக்கு ஓடுறதைப் பார்த்து. மேட்டுத்தெரு கிறகரி எண்டவர் சேர்ச்சில பாட்டுக்கு மைக் பிடிச்சுக்கொண்டிருந்தவர், அவர்தான் நமக்குச் சத்தம் எடுத்தார். மசூர், உன்ட வாப்பாட சாச்சிர மகன், வாப்பாவைக் காக்கா எண்டும் என்னை மதினி எண்டும் கூப்பிடுறவன், வேனும் வாயும் அவன்ட. வாய் தேவை எண்டுதான் சேர்த்தம்.

சுனாமி அடிச்சுப் போட்டுப் போன பிறகு ஊரில எத்தனை கலியாணம் நிண்டுபோச்சு தெரியுமா. நம்மட பக்கத்தில பொண்ணுக்கு வீடு வளவு வேணும், வீட்டைக் கடல் கொண்டு போனா மாப்பிள்ளை எங்க வாறது. அதை வெச்சுத்தான் ‘பொண்ணுட வளவு’ எண்ட படத்தை எடுத்தம். கதை என்ட, கமரா பாதி வாப்பா பாதி நான். பொண்ணா நடிச்சது கூடாரத்தில இருந்த சுபைறா, அவள்ர வளவையும் கடல்தான் கொண்டு போன. அவள்ர உம்மா விட மாட்டன் எண்டா. கமராவுக்குப் பின்னால நான்தான் நிப்பன், படத்தில உங்கட மகள்ர பேர் முதல் பேரா வரும் எண்டு சத்தியம் பண்ணித்தான் கூட்டி வந்தன்.

படத்தைக் கொழும்புக்குக் கொண்டுபோய் ரீவியில போட வெச்சது மசூர்தான், அதை நான் இல்லையெண்ட மாட்டன். படம் போட்ட அண்டைக்கு நம்மட வளவு நிறையச் சனம், சுபைறாவும் உம்மாவும் முன்வரிசையில பாய் போட்டு இருந்தாங்க. படம் முடிஞ்சு பேர் வந்திச்சு. கதை மசூர், ஒளிப்பதிவு மசூர், தொகுப்பு மசூர், இயக்கம் மசூர். சுபைறாட பேரே இல்ல. அவள்ர உம்மா பாயைச் சுருட்டிக்கொண்டு என்னைப் பார்த்த பார்வை இப்பவும் என்ட முதுகில கிடக்கு. வாப்பா போய்க் கேட்டதுக்கு மசூர் சொன்னானாம், பொம்புளைகள்ர பேரைப் போட்டா ஊர் கதைக்கும் காக்கா, உங்கட மானத்தைத்தான் காப்பாத்தினன், மதினி பேர் இல்லாம உங்கட பேரை மட்டும் எப்பிடிப் போடுற எண்டு. அதே வருசம் கம்பெனிப் பேரையும் தன்ட பேரில பதிஞ்சுக்கொண்டு கொழும்புக்குப் போயிட்டான், அண்டையில இருந்துதான் அவன் இருபது எண்ணுறான். நாடகம் எடுத்தான், விருது எடுத்தான். வாப்பா திரும்பவும் கலியாண வீட்டு வாசலில நிண்டார். சொந்தக்காரன், விடு எண்டார். நான் விடல்ல. நாங்க எடுத்த டேப்புகளை ஈரம் படாம அரிசி வாளிக்குள்ள போட்டு இறுக்கி மூடி வெச்சன்.

ரெண்டு மாசத்துக்கு முந்தி மசூர் எனக்குப் போன் பண்ணினான். மதினி, என்னட்டக் கிடக்கிற படத்துட கொப்பி மங்கிப்போச்சு, விழாவில பெரிய திரையில போட்டா முகமே தெரியா, காக்கா வெச்ச டேப்புகள் கிடக்கா எண்டு கெஞ்சினான். ஓம், கிடக்கு, துப்புரவாக்கித் தாறன் எண்டன். நானும் கிறகரியும் அவர்ர வீட்டுப் பழைய டெக்கில ஒவ்வொண்டாப் போட்டுப் பார்த்துப் பார்த்து வேலை செஞ்சம். உன்ட வாப்பாட குரல் டேப்புக்குள்ளால வரக்குள்ள கிறகரி எழும்பி வெளிய போயிட்டார், நான் போகல்ல. விழா அண்டைக்குக் காலையிலதான் படத்தைக் கொண்டுபோய்க் குடுத்தன். எல்லாம் சரிதானே மதினி எண்டான். எல்லாத்தையும் சரியாக்கித்தான் தந்திரிக்கன் எண்டன். போட்டுப் பார்க்கல்ல அவன், எந்தக் காலத்திலயும் ஒண்டையும் முழுசாப் பார்க்கிறவனில்ல.

படம் தொடங்க முதல் நான் வெட்டாம விட்ட துண்டு வந்திச்சு. வாப்பாட குரல், ஜெமீலா றெடியா எண்டு. றெடி எண்டு கமராவுக்குப் பின்னால என்ட குரல், சுபைறா அழத் தயாராகிறாள், அந்த நேரம் மசூர் சோத்துப் பார்சலோட குறுக்கால வந்து நிண்டு கமராவையே பார்க்கிறான். டேய் மசூர், நடுவில வராத, வேனுக்குப் போய் இரு எண்டு வாப்பா கத்துறார். மண்டபம் விழுந்து விழுந்து சிரிச்சிச்சு மகன். மேடையில மாலையோட இருந்தவன் திரையைப் பார்க்கிறான், சனத்தைப் பார்க்கிறான். நிப்பாட்டச் சொல்லிக் கையைக் காட்டினான், ஆரும் நிப்பாட்டல்ல. படம் முடியப் பேர் வந்திச்சு. முதல் பேர் சுபைறா. பிறகு நூஹு எண்டு உன்ட வாப்பாட பேர், ஜெமீலா, கிறகரி. கடைசியில வேன் ஓட்டம், சாப்பாடு: மசூர். பின்வரிசையில சுபைறா தன்ட மூணு பிள்ளைகளோட எழும்பி நிண்டாள். நான் கூப்பிட்டிருந்தும் அவள் வருவாள் எண்டு நினைக்கல்ல. அழுகை வந்ததா எண்டு கேட்பாய். இல்ல. வயிறு நிறைஞ்ச மாதிரி இருந்திச்சு.

அடுத்த நாள் பின்னேரம் அஸர் தொழுதுபோட்டு இரிக்கன், கேற்றடியில மசூர் வந்து நிண்டு ஸலாம் சொன்னான். பதில் ஸலாம் சொன்னன், அது கடமை. உள்ளுக்கு வா எண்டு சொல்லல்ல. என்னைச் சிரிப்பாக்கிப் போட்டீங்களே மதினி, எத்தனை வருசம் உழைச்ச பேர் எண்டான். நான் பொய்யா ஒரு படமும் எடுக்கல்ல, டேப்பில கிடந்ததைத்தான் போட்டன் எண்டன். வெயிலில கன நேரம் நிண்டான். நான் கதிரையை விட்டு எழும்பல்ல. பிறகு போயிட்டான்.

இப்ப உன்ட வேலை ஒண்டு மிச்சம். நீ சொன்னதை நீயே திருத்த வேணும். அதே கோட்டைப் போட்டுக்கொண்டு, அதே கதிரையில இருந்து, தோணா விஷனை ஆர் தொடங்கின எண்டு சொல்லி எடுத்து, அவனுக்கு அனுப்பாத, எனக்கு அனுப்பு. எங்க போட வேணும் எண்டு எனக்குத் தெரியும்.

அஸ்னாக்கு என்ட ஸலாம் சொல்லு. வெயிலுக்குள்ள தலையை மூடாம போகாத, பிரஷர் குளிசையை மறக்காத, தங்கச்சிக்கு வாரத்துக்கு ஒருக்கா எண்டாலும் கதை. அல்லாஹ் உங்க ரெண்டு பேருக்கும் நீண்ட ஆயுளையும் ஹலாலான வாழ்வையும் தரட்டும், வாப்பாட கபுறை வெளிச்சமாக்கட்டும். எனக்காகவும் துஆ செய் மகன், ஆனா உம்மாட மனசு இளக வேணும் எண்டு மட்டும் கேட்காத.

உன்ட உம்மா,
ஜெமீலா நூஹு
கல்முனை