வேப்பெண்ணெய் விடாத பசை

அன்பு மச்சான் சேகர்,

முழங்கால் விண் விண் என்று வலிக்கிறது. வாளியையும் ஏணியையும் இப்போது நான் ஒருத்தனே தூக்குகிறேன். வத்தேகமவில் சாவுக்கும் ஓய்வில்லை, மரண அறிவித்தல் ஒட்டுகிறவனுக்கும் ஓய்வில்லை. உன் வீட்டுக்காரி, என் தங்கச்சி, இப்போதுதான் இரண்டு வாய் சோறு தின்கிறாள்.

உன்னிடம் ஒன்று சொல்ல வேண்டும். நீ கண்ணை மூடுமுன் கேட்டது ஒன்றே ஒன்று: "அண்ணனுக்கு எப்படியாவது தெரியணும்டா." பன்வில தோட்டத்தில் இருக்கிற உன் அண்ணனிடம் நானே போயிருக்க வேண்டும். பத்து வருஷமாக உன் பேரைக் கேட்டாலே எழுந்து போகிற மனுஷன், கதவைச் சாத்திவிட்டால்? பயந்துவிட்டேன். மறுநாள் சந்தைக்கு வருவார், பஸ்ஸை விட்டு இறங்கியதும் சுவரில் பார்த்துக்கொள்ளட்டும் என்று இருந்துவிட்டேன்.

அன்றைக்குக் கோதுமை மாவைக் காய்ச்சும்போது கண்ணெல்லாம் தண்ணீர். நீ காய்ச்சும்போதெல்லாம் தவறாமல் விடுகிற வேப்பெண்ணெயை விட மறந்துவிட்டேன். கசப்பில்லாத பசையை மாடு விடுமா? விடியுமுன் பஸ் நிலையச் சுவரில் இருந்த உன் அறிவித்தலை நக்கிக் கிழித்துத் தின்றுவிட்டது. அண்ணன் வந்தார், மரக்கறி வாங்கினார், போய்விட்டார். பின்னேரம் உன்னை அடக்கம் செய்தோம். மன்னிப்பாயா, மச்சான்?

அடுத்த சந்தை நாளில் அண்ணன் அதே சுவருக்கு முன்னால் நின்றார். நீ போய்விட்டதை யாரோ சொல்லியிருக்கிறார்கள். மிஞ்சியிருந்த மூலைத் துண்டை நகத்தால் உரித்து மோந்து பார்த்தார்.

"வேப்பெண்ணெய் வாசமே இல்லியே. யாரு காய்ச்சினது?"

"நான்தாங்கண்ணே. மறந்துட்டேன்."

ஏசுவார் என்று தலையைக் குனிந்து நின்றேன். ஏசவில்லை.

"ஒவ்வொரு சந்தைக்கும் மொதல்ல இந்தச் செவுத்துக்கிட்டதான் வருவேன். வேப்பெண்ணெய் மணந்துச்சுன்னா, தம்பி நல்லாத்தான் இருக்கான்னு போயிருவேன். போன வாரம் மணக்கல. மேலுக்குச் சரியில்ல போல, ஒரு எட்டு போய்ப் பாப்பமான்னு நெனச்சேன். பஸ் வந்துருச்சு, ஏறிட்டேன்."

அடப்பாவிகளா! பத்து வருஷம் இப்படியா இருந்தீர்கள்? அவரைத் திட்டவும் முடியவில்லை. நானும் போகாதவன்தானே.

நேற்று பன்விலவுக்குப் போனேன். கதவு திறந்துதான் இருந்தது. உன் முப்பத்தோராம் நாள் அறிவித்தலுக்குப் பசையை அண்ணன் காய்ச்சுவார், வாளியை நான் பிடிப்பேன். முதல் தாள் பஸ் நிலையச் சுவரில். வேப்பெண்ணெய் விட்டே ஒட்டுவோம், இது சத்தியம்.

பிந்திப்போன உன் மச்சான்,
ராஜு