படிவம் வாங்கிய நேரம்

மார்ச் 3

அன்புள்ள அக்காவுக்கு,

நான் சௌக்கியம். என் தலைவலியும் சௌக்கியமாக இருக்கிறது. போனில் கூப்பிட்டால் வகுப்பு இருக்கிறது, அப்புறம் பேசுகிறேன் என்று வைத்துவிடுகிறாய். அந்த அப்புறம் வருவதே இல்லை. அதனால்தான் உன் பள்ளிக்கூட முகவரிக்கே கடிதம் போடுகிறேன்.

ஆஸ்பத்திரிப் பதிவறை வேலைக்கு வந்து ஒன்றரை வருடமாகிறது. கையெழுத்துக்காக டாக்டர்களைத் துரத்துவதே பிழைப்பு. நோயாளி இறந்து ஒரு வாரமானாலும் இறப்புப் படிவம் வந்து சேராது. அத்தானுடையது மட்டும் ஒரு மணி நேரத்தில் முத்து முத்தான எழுத்தில் என் மேசைக்கு வந்துவிடும். வாரம் ஐந்து நாள் இங்கே உழைத்துவிட்டுச் சனிக்கிழமை உன்னிடம் ஓடிவருகிறவருக்கு இவ்வளவு பொறுமை எங்கிருந்து வருகிறதோ!

ஒரு விஷயம் மட்டும் மண்டையைக் குடைகிறது. படிவக் கட்டு என் பீரோவில்தான் இருக்கும். நோட்டில் நேரம் எழுதிக் கையெழுத்துப் போட்டால் ஒரு தாள் கொடுப்பேன். மற்ற டாக்டர்கள் ஆள் இறந்த பிறகு யாரையாவது அனுப்புவார்கள். அத்தான் தானே வந்து வாங்குகிறார். போன புதன்கிழமை காலை பத்தேகாலுக்கு ஒரு நோயாளி அம்மாளுக்காக வாங்கினார். அந்த அம்மாள் இறந்தது மதியம் இரண்டே முக்காலுக்கு. எப்படி அக்கா அவருக்கு முன்கூட்டியே தெரிகிறது? நேரில் கேட்கக் கூச்சமாக இருக்கிறது. நீ கேட்டுச் சொல்லேன்.

அன்புடன்,
தங்கை

மார்ச் 7

என் துப்பறியும் சிங்கத்துக்கு,

சின்ன வயதில் என் பென்சில் டப்பாவைக் குடைந்த புத்தி இன்னும் போகவில்லை பார். முப்பது வருட டாக்டர். நாடியைப் பிடித்தாலே யார் தாங்குவார், யார் தாங்கமாட்டார் என்று தெரிந்துவிடும். உனக்கு அலைச்சல் வைக்கக் கூடாதென்று முன்னதாக வாங்கி வைக்கிறார். அதற்கும் குற்றமா?

நான் அவரிடம் கேட்கவில்லை. கேட்கப் போவதுமில்லை. நீயும் கேட்டு வைக்காதே. நீ இங்கே வந்து இரண்டு மாதமாகிறது, அதை முதலில் யோசி. நேரத்துக்குச் சாப்பிடு, கண்ணாடியை மாற்று.

அக்கா

மார்ச் 13

அன்புள்ள அக்காவுக்கு,

உன் பதில் எனக்குப் போதவில்லை. மூன்று நாள் மதிய இடைவேளையில் நோட்டையும் கோப்புகளையும் ஒப்பிட்டுப் பார்த்தேன். நான் வந்த பிறகு அத்தான் வாங்கியவை பதினான்கு. பதினான்கும் சாவுக்கு நான்கைந்து மணி நேரம் முன்னால். அதில் நான்கு பேர் மறுநாள் வீட்டுக்குப் போக வேண்டியவர்கள். ஒருவர் மணிக்கட்டில் மாவுக்கட்டுப் போட வந்தவர், அக்கா.

செவ்வாய்க்கிழமை காலை மறுபடி வந்தார். யாருக்கு என்று கேட்டேன். ஒன்பதாம் படுக்கை என்றார். சட்டென்று வாயில் பொய் வந்துவிட்டது. "கட்டு தீர்ந்துபோச்சு அத்தான். புதுசு வரப் பத்து நாள் ஆகும்."

அவர் முகம் சுளிக்கவில்லை. "சரிம்மா, வந்ததும் சொல்லு" என்று போய்விட்டார்.

நான் வார்டுக்கு ஓடினேன். ஒன்பதாம் படுக்கையில் கால் முறிந்த தையல்காரர் ஒருவர், கண்ணாடியை எங்கே வைத்தாய் என்று மகளோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தார். கோப்பு சரிபார்க்கிற சாக்கில் மாலை வரை அங்கேயே உட்கார்ந்திருந்தேன். அவருக்கு ஒன்றும் ஆகவில்லை. மறுநாள் மகளிடம் கெஞ்சி, வேறு ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போக வைத்தேன். படிவம் இல்லாவிட்டால் அத்தானுக்குக் கை ஓடாது போலிருக்கிறது. இதை எழுதும்போது சிரிப்பு வருகிறது.

கட்டைப் பூட்டி வைத்திருக்கிறேன். ஆள் இறந்த பிறகு கேட்கிறவர்களுக்கு மட்டும் ரகசியமாக எடுத்துக் கொடுக்கிறேன். நான் சொன்ன பத்து நாள் இருபத்தொன்றாம் தேதி வெள்ளிக்கிழமை முடிகிறது. அன்று நோட்டைப் போலீசில் கொடுத்துவிடுவேன். உன் குடும்பம் என்னால் தெருவுக்கு வரும். உன்னை இழந்துவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது. நான் நினைப்பது தப்பு என்று ஒரே ஒரு வரி எழுது. நம்பிவிடுகிறேன்.

தங்கை

மார்ச் 18

என் தங்கைக்கு,

தப்பு என்று எழுத மூன்று முறை உட்கார்ந்தேன். எழுத வரவில்லை.

என் மாமியார் போய் ஆறு வருடமாகிறது. அன்று ஞாயிற்றுக்கிழமை. காலை எட்டு மணிக்கு உன் அத்தான் சமையலறைக்கு வந்தார். "அம்மா போயிட்டாங்க. சொந்தக்காரங்களுக்கெல்லாம் போன் பண்ணிடு. சாயங்காலத்துக்குள்ள வந்து சேரட்டும்" என்றார். நான் அழுதுகொண்டே பதினொரு பேருக்குச் சொன்னேன். சொல்லி முடித்து அறைக்குள் போனால், மாமியார் கட்டிலில் உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டிருந்தார். சர்க்கரை பத்தவில்லை என்று என்னைக் கோபித்துக்கொண்டார். போட்டுக் கொடுத்தேன். அப்புறம் உன் அத்தான் பையோடு உள்ளே போய்க் கதவைச் சாத்தினார்.

நான் கூடத்தில் நாற்காலிகளை வரிசையாகப் போட்டேன். பதினொரு பேரும் கிளம்பிவிட்டார்களே, வந்தால் என்ன சொல்வது என்பதுதான் அப்போது என் கவலை. அதை நினைத்தால் இன்றைக்கும் உடம்பு கூசுகிறது. ஏன் என்று அவரைக் கேட்டதே இல்லை. கேட்டால் பதில் சொல்லிவிடுவாரோ என்று பயம்.

நீ எண்ணிய பதினான்கு பேரும் அதற்கப்புறம் போனவர்கள். நான் அன்று ஒரு சத்தம் போட்டிருந்தால் போதும்.

வெள்ளிக்கிழமை வரை காத்திருக்காதே. இந்தக் கடிதம் கைக்கு வந்ததும் நோட்டோடு சேர்த்துப் போலீசில் கொடுத்துவிடு. எனக்காக எதையும் மறைக்காதே. உன்மேல் எனக்குக் கோபமே இல்லை. என்னிடம் விசாரிக்க வேண்டுமென்றால் பள்ளிக்கூடத்துக்கே வரச்சொல். எட்டாம் வகுப்பில் இருப்பேன்.

அக்கா