அட்டைப்படத்துக்கு மேர்லின் வரமாட்டாள்

இயேசு மரி சூசை துணை

திராய்மடு,
மட்டக்களப்பு.
14.11.2009

அன்பு மகன் ஜொய்சனுக்கு அம்மா எழுதுவது,

இங்கே நானும் அப்பாவும் சுகம் என்று சொல்லக்கூடிய அளவுக்குச் சுகமாக இருக்கிறோம், மொன்றியல் குளிரில் நீ நோய்நொடியில்லாமல் இருக்க மாதாவிடம் கேட்டபடிதான் நாள் போகிறது. மழை தொடங்கிவிட்டது, குசினிக் கூரை மூன்று இடத்தில் ஒழுகுகிறது, ஆனால் வீடு கட்டித் தந்தவர்களின் பெயர் பொறித்த கல் மட்டும் ஒரு சொட்டும் படாமல் முன்சுவரில் பளபளக்கிறது. சண்டை முடிந்து ஆறு மாதமாகியும் தோணி இறக்க அப்பாவிடம் ஆமிக்காரர் பாஸ் கேட்கிறார்கள். முன்பு நாம் இருந்த நாவலடியில் வாசலிலேயே தண்ணீர், இங்கிருந்து வாவிக்குச் சைக்கிளில் போய்வரவே மனிதனுக்குப் பாதி உயிர் போய்விடுகிறது. நீ இருமலுக்குக் கண்டதையும் குடிக்காதே, கொத்தமல்லி அவித்துக் குடி.

போன கிழமை போனில் நீ கேட்டதற்கு இதில் பதில் எழுதுகிறேன். பழைய விளையாட்டுப் பெட்டிகளின் சிப்பைக் கொண்டு நீங்கள் போடுகிற அந்த சிப்ரியூன் இசை, ஒரு சின்னக் கூட்டத்துக்குள்ளேயாவது உயிர் பிழைக்குமா, அல்லது ஐந்து வருடத்தில் செத்துவிடுமா என்று கேட்டாய். நிலவறை மண்டபத்துக்கு நாற்பது பேர்தான் வருகிறார்கள் என்றாய். நீ தங்கச்சி மேர்லினுக்காகச் செய்த பாட்டை, வந்தாறுமூலைக் கம்பசில் படிக்கிற விதுர்ஷா அங்கே இன்ரநெற்றில் இறக்கித் தன் போனில் கொண்டுவந்து போட்டுக் காட்டினாள். அப்பா இரண்டு தரம் கேட்டார். "இது நம்மட பாலன் குடில் லைற்றுப் பாட்டெல்லோ" என்றார், பிறகு சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார். எனக்கும் அதுதான் தெரிந்தது. யேசு பாலனுக்கு வைத்த குடிலில் சுற்றிய மின்குமிழ் மாலையின் அந்தச் சின்னப் பெட்டி நத்தார் முழுக்கக் கீச்சிட்டது, நிறுத்தவே விடாமல் மேர்லின் அதன் பக்கத்திலேயே படுத்திருந்தாள். மறுநாள், கடல் வந்த அன்று காலையில் நான் பூசைக்குப் போகும்போதும் அது பாடிக்கொண்டுதான் இருந்தது.

உனக்குச் சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன். பாடசாலை முகாமில் இருந்தபோது முதல்நாள் பாண் விற்கிற ஓட்டோ வந்தது உனக்குத் தெரிந்திருக்காது, நீ அப்பாவோடு ஆஸ்பத்திரிகளில் அவளைத் தேடிக்கொண்டிருந்தாய். அந்த ஓட்டோவிலும் அதே கீச்சுச் சத்தம். நான் அவள்தான் என்று நினைத்து, செருப்பும் இல்லாமல் சந்தி வரைக்கும் அதன் பின்னால் ஓடினேன். ஏறாவூர் அசனார்தான் ஓட்டோக்காரர், நிறுத்தி இறங்கி, "அக்கா, இது வெறும் பொட்டி, உள்ளுக்க ஒருத்தரும் இல்ல" என்றார். அடுத்த நாளிலிருந்து முகாம் வாசலுக்கு வந்ததும் சுவிச்சை நிறுத்திவிட்டு, பாண் பாண் என்று வாயால் கூப்பிட்டே விற்றார். தொண்டை கட்டிப்போன நாளிலும் அப்படித்தான். ஆகவே அந்தச் சத்தத்தை ஒரு விளையாட்டுச் சத்தம் என்று யாரும் எனக்குச் சொல்லத் தேவையில்லை. நாற்பது பேர் வேலை முடித்து வந்து நின்று கேட்கிறார்கள் என்றால் அவர்களுக்கு அது வேண்டியிருக்கிறது. நாளைக்கு இருபது பேராகலாம், ஒருவருமே இல்லாமலும் போகலாம், அதை நான் எப்படிச் சொல்வது.

ஆனால் உங்கள் கூட்டத்தை நடத்துகிறவர் சொன்னாரென்று நீ சொன்னாயே, இப்படிப்பட்ட இசை பிழைக்க வேண்டுமென்றால் அதற்கு ஒரு கதை வேண்டும், சி.டி. அட்டையில் சுனாமியில் போன தங்கச்சியின் படத்தைப் போட்டு, போருக்குத் தப்பிய அண்ணன் என்று எழுதினால் பத்திரிகைக்காரர்கள் தேடி வருவார்கள் என்று. அதற்காக மேர்லின் கோயிலில் முதல் நன்மை வாங்கியபோது எடுத்த படத்தைக் கேட்கிறாய். மகனே, எங்களை எடுத்த படங்கள் போதாதா? நிவாரணக்காரர் வாளி தந்தபோது எடுத்தார்கள், கக்கூஸ் கட்டியபோது அதன் முன்னால் நிறுத்தி எடுத்தார்கள், சிரிக்க வேண்டாம் என்றும் சொன்னார்கள். பிறகு வாகரையிலிருந்தும் படுவான்கரையிலிருந்தும் சனம் ஷெல்லுக்குத் தப்பி வந்தபோது அந்தக் கமராக்களில் முக்கால்வாசியைக் காணவில்லை. கடல் கொன்றால் ஊரெல்லாம் அழலாம், மனிதன் கொன்றால் தாயும் வாயைப் பொத்த வேண்டும். பக்கத்து வீட்டு அன்னப்பூரணியின் தனோஜனைப் பதினேழு வயதில் இயக்கம் பிடித்துக்கொண்டு போனது, வன்னியில் முடிந்தான் என்று ஒருவர் வந்து சொன்னதோடு சரி. அவனுடைய படத்தை அவள் அரிசி வாளிக்குள் ஒளித்து வைத்திருக்கிறாள். மே மாதம் சண்டையை வென்றாயிற்று என்று சந்தியில் வெடி கொளுத்தி, கடைகளில் கொடி கட்டச் சொன்ன நாளில் அவள் வாளியை மடியில் வைத்துக்கொண்டு அரிசியில் கல் பொறுக்கினாள், கல்லே இல்லாத அரிசியில். அவனுடைய படத்தை அட்டையில் போட உங்கள் ஆளுக்குத் துணிவு வருமா என்று கேட்டுப் பார்.

மேர்லினின் படம் என்னிடம் இல்லை. செங்கலடிச் சித்தி வீட்டில் கிடந்து தப்பிய அந்த ஒன்றை, காணாமல் போன பிள்ளைகளைத் தேடுகிறோம் என்று முகாமுக்கு வந்த ஒரு நிறுவனத்துப் பெண்ணிடம் கொடுத்தேன், ஒரு கிழமையில் திருப்பித் தருவதாகச் சொன்னாள், பிரதி எடுக்கவும் எனக்குத் தோன்றவில்லை. நீ கனடா போன பிறகு, வருடக் கடைசியில் அவர்களுடைய கலண்டர் வந்தது. பங்குனி மாதத்துக்கு மேலே வெள்ளை உடுப்போடும் தலையில் பூமுடியோடும் அவள் நிற்கிறாள், கீழே உதவுங்கள் என்று ஆங்கிலத்தில் எழுதியிருக்கிறது, அவளுடைய பெயர் இல்லை. எத்தனை தரம் கேட்டும் படம் வரவில்லை. நீ இருக்கிற மனநிலையில் இதைச் சொல்ல அப்போது வாய் வரவில்லை. அந்தத் தாளை நான் வெட்டி அனுப்பப் போவதில்லை, வேறு யாரிடமும் நீ கேட்கவும் வேண்டாம்.

மார்கழி 26 அவளுக்குப் பூசை கொடுத்திருக்கிறோம், நீயும் அங்கே கோயிலுக்குப் போ. காதை மூடித் தொப்பி போடு, வேலையை விட்டுவிடாதே, இசையையும் விடாதே. ஆண்டவர் உன்னைக் கைவிடாமல் நடத்தட்டும். சி.டி.யை வெற்று அட்டையோடு விடு, விற்காவிட்டால் விற்காமல் போகட்டும். உன் இசை பிழைப்பதற்கு அவளை வேலைக்கு அனுப்பாதே, அவளுக்கு ஒன்பது வயது.

உன் அம்மா,
அ. றோஸ்மேரி