தேங்காய் உடைத்துச் சொன்ன வாக்கு

உன் வீட்டுக்கு இன்றைக்குப் பெயிண்ட் அடிக்கிறார்கள். நம் இரண்டு வீட்டுக்கும் ஒரே சுவர்தானே, வாசனை என் சமையலறை வரைக்கும் வந்துவிட்டது, காலையில் காப்பியே இறங்கவில்லை. பச்சையும் இல்லை, நீலமும் இல்லை, ஆஸ்பத்திரி வராந்தா மாதிரி ஒரு நிறம். நீ இருந்திருந்தால், "கரமனை அக்ரஹாரத்துல இந்தக் கலரை எவன்டி கண்டுபிடிச்சான்?" என்று கேட்டு வயிறு குலுங்கச் சிரித்திருப்பாய். உன் அண்ணா பிள்ளை சுந்தரம் நடுக்கூடத்தில் நின்றுகொண்டு வேலைக்காரர்களை விரட்டிக்கொண்டிருக்கிறான். கோயிலுக்கு வருகிறவர்கள் தங்குகிற விடுதி ஆக்கப்போகிறானாம்.

நீ போனதிலிருந்து மனசுக்குள் உன்னோடு பேசிக்கொண்டேதான் இருக்கிறேன். இன்றைக்கு அது போதவில்லை, அதனால் எழுத உட்கார்ந்துவிட்டேன்.

குளியலறையில் வழுக்கி விழுந்து நீ இடுப்பை முறித்துக்கொண்டதில்தான் எல்லாம் ஆரம்பம். ஒரே ஆபீஸ், ஒரே செக்‌ஷன், ஒரே பஸ் என்று நாம் இருந்த காலமெல்லாம், "எனக்கு யாரும் வேண்டாம், நான் ராணி" என்று சொல்லித் திரிந்தவள் நீ. உன்னைத் தூக்கி உட்காரவைக்க, கூடவே தங்குகிற ஹோம் நர்ஸ் வேண்டும் என்றார் டாக்டர். ஏஜென்சிக்காரி மாதத்துக்குக் கேட்ட தொகை உன் பென்ஷனுக்குள் அடங்கவில்லை. டெபாசிட்டை உடைத்தாய். வளையலை விற்றாய். வயசானவர்களுக்கு வீட்டின் பேரில் மாதாமாதம் பணம் தருகிற திட்டம் ஒன்று இருக்கிறதென்று யாரோ சொல்ல, நான் பாங்குக்குப் போய் விசாரித்தேன். பக்கத்து வீட்டோடு சுவர் ஒட்டிய அக்ரஹாரத்து வீடு, பழைய பத்திரம், ரொம்பச் சிரமம் என்று மேனேஜர் கையை விரித்துவிட்டார்.

அப்போதுதான் சுந்தரம் வந்தான். "அத்தே, நீங்க எதுக்குக் கவலைப்படறேள்? கடைசி வரைக்கும் ஹோம் நர்ஸ் என் பொறுப்பு. ஆத்தை மட்டும் என் பேருக்கு எழுதிக் குடுத்துடுங்கோ" என்றான். கடைசி வரைக்கும் என்பதைப் பத்திரத்திலேயே எழுதச் சொல்லு என்று நான் தலையால் அடித்துக்கொண்டேன். உனக்கு வந்ததே கோபம்! சொந்த அண்ணா பிள்ளைக்குக் கண்டிஷன் போடுவதா? அதற்குப் பதிலாக அவனைப் பழவங்காடி கோயிலுக்கு அனுப்பி, பிள்ளையார் முன்னால் வாக்குச் சொல்லித் தேங்காய் உடைக்கவைத்தாய். சாட்சிக்கு என்னையும் துரத்திவிட்டாய். தேங்காய் என்னவோ நன்றாகத்தான் சிதறியது. "கணபதி முன்னாடியே உடைச்சுட்டான், இதுக்கு மேல வக்கீல் எதுக்குடி?" என்றாய். கையெழுத்தில்லாத ஒரு காகிதத்தை ஆபீஸில் ஒருநாள்கூட மேலே அனுப்பாதவள் நீ! நம் ஜனங்களுக்கு மட்டும் எங்கிருந்துதான் வருகிறதோ இந்தப் புத்தி.

அவன் வாக்குத் தவறினான் என்று நான் சொல்லவே மாட்டேன். ஆள் இல்லாமல் நீ ஒருநாளும் இருந்ததில்லை.

முதலில் வந்த லிஸி தங்கமான பெண். இடுக்கிக்காரி. உன்னை அதட்டி, கொஞ்சி, வாக்கர் பிடித்து வாசல் வரைக்கும் நடக்கவைத்துவிட்டாள். ஒண்ணாம் தேதி சுந்தரம் பணம் கொடுக்க வந்தபோது நானும் அங்கேதான் இருந்தேன். "அம்மைக்கு இப்போ நல்ல சுகமுண்டு சாரே" என்றாள் லிஸி. நீ விடுவாயா? "இன்னும் பத்து வருஷம் இருப்பேன்டா, பாத்துண்டே இரு!" என்றாய். அவனும் சிரித்தான். "இருங்கோ அத்தே, இருங்கோ" என்று சொல்லிக்கொண்டே மேலே கையை நீட்டி உத்தரத்தைத் தட்டிப் பார்த்தான்.

அடுத்த வாரமே லிஸி வேறு வீட்டுக்குப் போனாள். ஏஜென்சியில் மாற்றிவிட்டார்கள் என்றான். அடுத்து வந்தவளும் மோசமில்லை, உன் முகத்தில் ரத்தம் ஊறியது. அவளும் போனாள். மூன்றாவதாக வந்தவள் ஃபோனைக் கீழே வைத்து நான் பார்த்ததில்லை. எனக்கு எதுவோ சரியாகப் படவில்லை என்று உன்னிடம் சொன்னேன். "ஆள் மாறினா என்னடி, ஆள் இருக்காளோல்லியோ?" என்று என் வாயை அடைத்தாய். கர்க்கடக மாச மழையில் முதுகில் புண் வந்தது, பிறகு ஜுரம், பிறகு நெஞ்சில் சளி. சுந்தரம் உடனே ஓடிவந்தான், ஆம்புலன்ஸ் வைத்தான், நீ போன பிறகு காரியத்திலும் ஒரு குறை வைக்கவில்லை. பெற்ற பிள்ளைகூட இப்படிச் செய்யாது என்று தெருவே சொன்னது. ஹோம் நர்ஸ் மாறாத வீடு இந்த ஊரில் எது? நான் நினைப்பது வீண் சந்தேகமாகவே இருக்கலாம். ஆனால் மனசில் விழுந்த பயம் விழுந்ததுதான்.

இப்போது என் கதையைக் கேள். போன மாதம் இவருக்கு ஸ்ட்ரோக் வந்து வலது பக்கம் விழுந்துவிட்டது. எங்களுக்கும் பிள்ளைகுட்டி கிடையாது. என் முழங்காலை வைத்துக்கொண்டு இவரைப் புரட்டிப் படுக்கவைக்க முடியவில்லை. உனக்காக ஏறி இறங்கின படியெல்லாம் எனக்காக ஒரு தடவை ஏறி இறங்கினேன், அதே பதில்தான். இன்று காலை சுந்தரம் பெயிண்ட் ஒட்டிய கையோடு உள்ளே வந்தான். "மாமி, மாமாவுக்கு ஒரு ஆள் போட்டுடட்டா? ரெண்டு ஆத்தையும் ஒண்ணாக்கிட்டா எனக்கும் சௌகரியம்" என்றான்.

நான் உன்னைப்போல் இல்லையே. "தேங்காயெல்லாம் எனக்கு வேண்டாம்டா, அத்தனையும் பத்திரத்துல வரணும்" என்றேன். "அதுக்கென்ன மாமி, நீங்க சொல்றபடியே எழுதிடலாம்" என்றான், கொஞ்சம்கூட யோசிக்காமல். அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஆள் இருக்கவேண்டும் என்று எழுதலாம். நல்ல ஆளாக இருக்கவேண்டும், மாற்றக்கூடாது என்றுகூட எழுதலாம். இவர் பிழைத்துக் கிடக்கவேண்டும் என்று அவன் ஆசைப்படவேண்டுமே, அதை எந்த வக்கீல்டி எழுதித் தருவான்? ஆனாலும் சரிடா என்று சொல்லிவிட்டேன். நாளைக்கு ஆள் வருகிறாள். வெள்ளிக்கிழமை ரிஜிஸ்டர் ஆபீஸ்.

சாயங்காலம் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தபோது, இவர் அந்த வலது கையைத் தானாகவே தூக்கி என் கன்னத்தைத் தொட்டார். கடவுளே, எனக்கு எப்படி இருந்திருக்கும் என்று நீயே நினைத்துப்பார்! ஸ்பூனைப் போட்டுவிட்டு ஓவென்று அழுதேன். அந்த நேரம் பார்த்து, வேலை முடிந்து கிளம்பின சுந்தரம் வாசலில் வந்து நின்றான்.

"மாமாவுக்கு எப்படி இருக்கு மாமி?"

இவர் கையைப் பிடித்துப் போர்வைக்குள் அழுத்தி வைத்தேன்.

"அப்படியேதான்டா இருக்கார்" என்றேன்.