இரண்டு கதவுக் கறுப்பு வண்டி

சுங்குவார்சத்திரம்,
ஆகஸ்ட் 2005

அன்புள்ள அத்தானுக்கு,

கனகலட்சுமி எழுதுவது. இவ்வளவு நேரம் கழித்து உட்கார்ந்து எழுதுவதற்கு முதலில் மன்னித்துக்கொள்ளுங்கள். வதனி இப்போதுதான் தூங்கினாள். கையெழுத்து ஆங்காங்கே கோணிக்கொண்டு போனால் அது தூக்கக் கலக்கம்தான், வேறெதுவும் நினைக்காதீர்கள். போனில் சொல்லியிருக்கலாம். ஆனால் போன் இருப்பது வீட்டுச் சொந்தக்காரர் ராஜம்மா அக்கா கூடத்தில். நான் பேச ஆரம்பித்தால் அவர் மிக்ஸியைக்கூட நிறுத்திவிட்டுக் கேட்கிறார். இது அப்படிச் சொல்கிற சேதி இல்லை.

இங்கே நானும் வதனியும் சௌக்கியம். அவளுக்கு மூச்சிரைப்பு வந்து நாளாயிற்று. மழை ஆரம்பித்தால் எப்படியோ என்று இப்போதே பயந்துகொண்டிருக்கிறேன். ஷார்ஜாவில் வெயில் கடுமை என்று எழுதியிருந்தீர்கள். பெயின்ட் அடிக்கும்போது மூக்குக்கவசம் போட்டுக்கொள்கிறீர்களா? போட்டுக்கொள்கிறேன் என்று சும்மா எழுதாதீர்கள், உண்மையாகவே போட்டுக்கொள்ளுங்கள்.

உங்கள் போன கடிதம் எனக்கு மனப்பாடம். “ரேஸ் ஓட்டுகிறவன் வாங்குகிற வண்டியைக் கைக்குழந்தைக்காரி வாங்கியிருக்கிறாய். அப்பா அங்கே வருவார். முப்பது வருஷம் பஸ் ஓட்டியவர். நீ ஓட்டுகிற வண்டியில் உட்கார்ந்து பார்க்கட்டும். அவர் சரி என்றால் சரி. இல்லையென்றால் வண்டியைக் கொடுத்துவிட்டு, வேலையையும் விட்டுவிட்டு, ஊருக்குப் போய் அம்மாவோடு இரு.” கோபத்தில் எழுதினீர்களா, கவலையில் எழுதினீர்களா என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. வதனி கைக்குழந்தை இல்லை, நர்சரியில் ‘அ’ எழுதுகிறாள் என்பதை மட்டும் இங்கே சொல்லிவைக்கிறேன்.

வண்டி இல்லையென்றால் வேலை இல்லை, அது உங்களுக்கும் தெரியும். ஒரகடத்துக்குக் கம்பெனி பஸ் புறப்பட்டுப் போன பிறகுதான் நர்சரிக் கதவையே திறக்கிறார்கள். பி.எஸ்ஸி. கெமிஸ்ட்ரி படித்துவிட்டு ஊரில் சும்மா இருந்த எனக்கு லேபில் ஒரு மேஜையும் ஒரு வெள்ளைக் கோட்டும் கிடைத்திருக்கிறது. அதை விட மனசு வரவில்லை.

அந்த வண்டியை ஏன் வாங்கினேன் என்று கேட்டிருந்தீர்கள். நீங்கள் சொன்னபடி முதலில் பழைய வெள்ளை வண்டி ஒன்றைத்தான் பார்க்கப் போனேன். நான்கு கதவு, மெதுவான வண்டி. அந்த ஆள் சாவியை என் கையில் தரவே மாட்டேன் என்றான். “வீட்ல ஜென்ட்ஸ் யாராச்சும் இருந்தா கூட்டிட்டு வாங்க மேடம்” என்றான். திரும்பி வந்துவிட்டேன். அடுத்து ஸ்ரீபெரும்புதூரில் காந்திமதி என்று ஒரு இன்ஜினியர் அம்மா, புனேவுக்கு மாற்றலாகிப் போகிறவர். அவருடைய வண்டி இது. சின்னது, கறுப்பு, தரையோடு ஒட்டினாற்போல நிற்கும். அவர் சாவியை என் கையில் வைத்து, “ஓட்டிப் பாருங்க, நான் குழந்தையைப் பாத்துக்கிறேன்” என்றார். கிளட்ச்சை விட்டதும் பாய்ந்தது பாருங்கள், பயத்தில் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. டிரைவிங் ஸ்கூல் வண்டியில் முக்கி முனகி ஏறுகிற மேம்பாலத்தை அது கவனிக்கவே இல்லை. விலையும் நாம் பேசிவைத்ததற்குள்தான்.

இரண்டே கதவு என்பதற்குத்தான் ஊரெல்லாம் சிரிப்பு. ராஜம்மா அக்கா வண்டியை ஒரு சுற்று சுற்றி வந்து, “இன்னாமா இது, பாதி வண்டிதான் கீது! மீதி ரெண்டு கதவ அந்தம்மா புனேவுக்கு எட்த்துகினு பூட்ச்சா?” என்றார். எனக்கோ அந்த இரண்டு கதவுதான் நிம்மதி. பின்சீட்டில் உட்காருகிற குழந்தை திறப்பதற்கு அங்கே கதவே இல்லை. கேஸை மூடினேனா என்று படியிறங்கின பிறகும் மூன்று தடவை ஏறிப் பார்க்கிறவள் நான். எனக்கு இதைவிடப் பொருத்தமான வண்டி உண்டா, நீங்களே சொல்லுங்கள்.

வாங்கினதோடு முடியவில்லை. மழைத்தூறலுக்கே கதவோரம் தண்ணீர் இறங்கியது. முன்பக்கம் இன்ஜினுக்குத் தண்ணீர் போகிற ஒரு ரப்பர் குழாய் வெடித்துக் கசிந்தது. மாடி அறையில் நம் ஊர்ப்பக்கத்துப் பையன் இசக்கிதுரை இருக்கிறானே, அவனும் அவனோடு தங்கியிருக்கிற வந்தவாசிக்காரன் கார்முகிலும் கார் கம்பெனியில்தான் வேலை. “மெக்கானிக் எதுக்குக்கா? நாளொண்ணுக்கு எத்தன வண்டி எங்க கை வழியாப் போவுது!” என்று கிளம்பிவிட்டார்கள். இசக்கிதுரை சென்னையில் புதுப்பேட்டைச் சாமான் கடைகளுக்குப் போய்க் கதவு ரப்பரும் குழாயும் தேடிப்பிடித்து வாங்கி வந்தான்.

அப்போதுதான் ஒன்று தெரிந்தது அத்தான். நீங்களும் கம்பெனி லைனில் ஒரு ஸ்டேஷனில் நின்று ஒரே வேலையைச் செய்தவர், உங்களுக்குச் சிரிப்பு வரும். இவர்களுக்கு மாட்டத்தான் தெரியும், கழற்றத் தெரியாது! இசக்கிதுரையின் வேலையே கதவு ரப்பர் மாட்டுவதுதானாம். பழையதைக் கழற்ற ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் ஆனது. புதியதை நான் டீ ஆற்றிக் கொடுப்பதற்குள் மாட்டிவிட்டான். “இதுவரைக்கும் ஒண்ணக்கூடக் கழட்டுனதில்லக்கா. கழட்டுனா சூப்பர்வைசர் ஏசுவாரு” என்றான். கார்முகில் குழாயை மாட்டி, திருகை முறுக்கி, முறுக்கினதற்கு அடையாளமாக மஞ்சள் பேனாவால் ஒரு கோடும் போட்டுவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டான். பார்க்க அவ்வளவு அழகாக இருந்தது.

மறுநாள் வதனியை ஏற்றிக்கொண்டு கிளம்பினேன். ரோட்டைப் பார்க்கிற நேரத்தைவிட எதிரே இருக்கிற முட்களைப் பார்க்கிற நேரம்தான் எனக்கு அதிகம். அதனால் சூட்டைக் காட்டுகிற முள் கொஞ்சம் நகர்ந்ததுமே கண்ணில் பட்டுவிட்டது. உடனே ஓரங்கட்டி அணைத்துவிட்டேன். ஆறும்வரை ஒரு டீக்கடை பெஞ்சில் வதனியோடு உட்கார்ந்திருந்து, பிறகு ரேடியேட்டர் மூடியைத் திறந்து பார்த்தால் உள்ளே தண்ணீர் என்று சொல்லிக்கொள்ள ஒன்றும் இல்லை. கடைக்காரரிடம் வாங்கி ஊற்றிக்கொண்டு ஊர்ந்து வந்து சேர்ந்தேன். கார்முகிலைப் பிடித்து, “குழாய மாத்துனியே, தண்ணி ஊத்தலையாப்பா?” என்று கேட்டேன். அவன் ரொம்ப நியாயமாகச் சொன்னான்: “அது என் ஸ்டேஷன் இல்லக்கா. அடுத்த ஸ்டேஷன்ல ஊத்துவாங்க.”

கோபப்பட நினைத்தேன், சிரிப்பு வந்துவிட்டது. இசக்கிதுரை அவன் தலையில் ஒன்று போட்டு, “அடுத்த ஸ்டேஷன் எங்கல இருக்கு? ராஜம்மா அக்கா மாட்டுக் கொட்டாயிலயா?” என்றான். அன்றைக்கே சொல்லிவிட்டேன், இனிமேல் இந்த வண்டிக்குக் கடைசி ஸ்டேஷன் நான்தான் என்று. அவர்கள் என்ன மாட்டினாலும் நான் தொட்டு, இழுத்து, குனிந்து, முகர்ந்து பார்த்த பிறகுதான் வண்டி வாசலைத் தாண்டும். தினமும் காலையில் தண்ணீர், எண்ணெய், டயர், விளக்கு பார்க்கிறேன். என் பயத்தை நீங்கள் எத்தனை கேலி செய்திருப்பீர்கள்! அதற்கு ஒரு உத்தியோகம் கிடைத்துவிட்டது.

சரி, நீங்கள் காத்திருக்கிற சேதிக்கு வருகிறேன்.

மாமா போன ஞாயிற்றுக்கிழமை காலையில் வந்தார்கள். டிரைவரிடம் தான் யார் என்று சொல்லி, பஸ்ஸைச் சிங்கப்பெருமாள்கோவிலிலேயே நிறுத்தச்சொல்லி இறங்கிக்கொண்டார்கள். நான் வதனியைப் பின்சீட்டில் உட்காரவைத்துக்கொண்டு அங்கே வண்டியோடு நின்றிருந்தேன். மாமாவுக்குக் கண் இரண்டும் சிவந்திருந்தது. அடுத்தவன் ஸ்டியரிங்கில் இருந்தால் அவர்களுக்குத்தான் தூக்கம் வராதே, திருநெல்வேலியிலிருந்து விழித்துக்கொண்டே வந்திருக்கிறார்கள். வண்டியைப் பார்த்தார்கள். என்னைப் பார்த்தார்கள். “என்னம்மா, இதுல ஏறணுமா, இல்ல இத மாட்டிக்கிடணுமா?” என்றார்கள். கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு, “முருகா” என்று சொல்லி எடுத்தேன்.

ஒரகடம் வரைக்கும் வண்டியை நான் ஓட்டினேனா அவர்கள் ஓட்டினார்களா என்று தெரியாது. பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு இல்லாத பிரேக்கைக் காலால் மிதித்துக்கொண்டே வந்தார்கள். “ஆரன் அடி. எதுக்கு ஆரன் அடிக்க? கியர மாத்து, கேட்டியா. அவன் எப்படி வாரான் பாரு, அவனுக்கு விடு. நீ ஏன் விடுத?” வதனி பின்னாலிருந்து, “தாத்தா, அம்மா ஓட்டும்போது பேசக்கூடாது” என்று ஒரு அதட்டல் போட்டாள். பேத்தி சொல்லி யார் கேட்டார்கள்!

ஒரகடம் தாண்டினதும் முன்னால் ஒரு கன்டெய்னர் லாரி, நாற்பதடி நீளம். அது மெதுவாக வலது பக்கம் ஒதுங்கியது. இடது பக்கம் ஒரு பஸ்ஸே போகிற அளவு இடம் திறந்தது. பின்னால் கம்பெனி பஸ்காரன் ஹாரனிலிருந்து கையை எடுக்கவில்லை. மாமா பெரிய குரலில், “எடங் கெடக்குல்லா, இடது பக்கம் எறங்கிப் போ! போம்மா, போ! என்னத்தப் பாத்துக்கிட்டு நிக்க?” என்றார்கள்.

நான் போகவில்லை அத்தான். முப்பது வருஷம் பஸ் ஓட்டியவர் சொல்கிறார், உங்கள் அப்பா சொல்கிறார், அவர் சொல்கிற ஒரு வார்த்தையில்தான் என் வேலையும் வீடும் இருக்கிறது. எல்லாம் தெரிந்தும் பிரேக்கில் வைத்த காலை எடுக்கவில்லை. “மாமா, அது இப்பத் திரும்பும்” என்று மட்டும் சொன்னேன். இந்த ரோட்டில் தினமும் போகிற எங்களுக்குத் தெரியும். இங்கே கேட் எல்லாம் குறுகல். அவ்வளவு நீளமான லாரி இடது பக்கக் கேட்டுக்குள் நுழைய வேண்டுமென்றால் முதலில் வலது பக்கம்தான் ஒதுங்கும். இண்டிகேட்டரை நம்பினால் போச்சு.

சொல்லி வாய் மூடுவதற்குள் லாரி இடது பக்கம் மடங்கியது. அதன் பின்சக்கரங்கள் அந்தக் காலியிடம் முழுவதையும் அரைத்துக்கொண்டு போயின. மாமா காட்டின இடத்தில் மண் மட்டும் பறந்தது. பின்னால் பஸ்காரனின் ஹாரனும் நின்றுவிட்டது. லாரி கேட்டுக்குள் போய் மறைந்ததும் நான் கியர் போட்டு எடுத்தேன். நம் வண்டி அம்பு மாதிரி கிளம்பி அந்த நெரிசலை விட்டு வெளியே வந்துவிட்டது.

அதற்குப் பிறகு மாமா பேசவில்லை. போச்சு, பெரியவர் பேச்சை மீறிவிட்டேன், ஊருக்குப் பெட்டி கட்ட வேண்டியதுதான் என்று நினைத்துக்கொண்டேன். திரும்பிப் பார்க்கவும் தைரியமில்லை. வல்லம் தாண்டி, ஸ்ரீபெரும்புதூர் வரப்போகிறது. ஏதோ கரகரவென்று சத்தம். எந்தத் திருகோ கழன்றுவிட்டது, காலையில் நான் தொட்டுப் பார்க்காமல் விட்டது எது என்று மனசு ஓடுகிறது. வதனிதான் சொன்னாள், “அம்மா, தாத்தா குறட்டை விடுறாங்க.”

மாமா தூங்கிவிட்டார்கள் அத்தான்! கை இரண்டையும் மடியில் போட்டு, தலையை ஜன்னல் பக்கம் சாய்த்து, வாயைத் திறந்துகொண்டு, நான் ஓட்டுகிற வண்டியில். எனக்குக் கண் கலங்கிவிட்டது. பள்ளம் மேடு பார்த்து, ஹாரன்கூட அடிக்காமல் வீடுவரைக்கும் கொண்டுவந்து சேர்த்தேன். வண்டியை அணைத்ததும் விழித்துக்கொண்டு, “தூங்கலம்மா. கண்ண மூடிக்கிட்டு இன்ஜின் சத்தத்தக் கவனிச்சிக்கிட்டு வந்தேன். சத்தம் நல்லாத்தான் இருக்கு” என்றார்கள். நானும், ஆமாம் மாமா, எல்லோரும் அப்படித்தான் கவனிப்பார்கள் என்று தலையை ஆட்டினேன்.

என்னிடம் நேராக ஒன்றும் சொல்லவில்லை. வாசலில் நின்ற ராஜம்மா அக்காவிடம்தான் சொன்னார்கள்: “வண்டி கொஞ்சம் குட்டைதான். ஆனா ஓட்டுத கை எங்க வீட்டுக் கை.” ராஜம்மா அக்கா விடுவாரா? “அத்த இந்தப் பொண்ணு மூஞ்சியப் பாத்துச் சொல்றதுக்கு இன்னா பெருசு?” என்றார். மாமா கால் கழுவப் போய்விட்டார்கள். நானும் வதனியும் சமையலறையில் கைகோத்துக்கொண்டு ஒரு குதி குதித்தோம். வெளியில் சொல்லாதீர்கள்.

புதன்கிழமை ஊருக்குத் திரும்பினார்கள். ராஜம்மா அக்கா ஆட்டோ கூப்பிடவா என்றதற்கு, “எதுக்கு? மருமக கொண்டுபோய் விடுவா” என்றார்கள். பஸ்ஸில் ஏறி உட்கார்ந்த பிறகு ஜன்னல் வழியாகக் கையை நீட்டி என் தலையைத் தொட்டார்கள். பஸ் கிளம்பிவிட்டது. என்னவோ சொன்னார்கள், சத்தத்தில் காதில் விழவில்லை. நல்லதாகத்தான் சொல்லியிருப்பார்கள்.

எனவே நாங்கள் இங்கேயே இருக்கிறோம் அத்தான். உங்கள் பேச்சுப்படிதான் இருக்கிறோம். அவர் சரி என்றால் சரி என்று எழுதினது நீங்கள்தானே? மாமா உங்களுக்குப் போன் செய்திருப்பார்கள், அத்தையும் நாலு வார்த்தை கூட்டிச் சொல்லியிருப்பார். அதையெல்லாம் கேட்டு நீங்கள் என்ன நினைத்தீர்கள் என்பதுதான் எனக்குத் தெரிய வேண்டும். கோபம் இருந்தால் அதையும் எழுதுங்கள், வாங்கிக்கொள்கிறேன். எழுதாமல் மட்டும் இருக்காதீர்கள்.

முன்சீட்டை நேற்று நன்றாகப் பின்னால் தள்ளி வைத்தேன். உங்கள் காலுக்கு அந்த இடம் போதும் என்று நினைக்கிறேன். லீவு எப்போது என்று கேட்கவில்லை, கேட்டால் உங்களுக்குச் சங்கடம். உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். வேளைக்குச் சாப்பிடுங்கள். முருகன் துணை.

சீக்கிரம் பதில் போடுங்கள்.

உங்கள் அன்பு மனைவி,
கனகலட்சுமி