குலுக்கி ஊற்றாதீர்கள், அப்பா

அன்புள்ள அப்பாவுக்கு,

அன்றைக்கு நான் சொல்லாமல் விட்டது இதுதான்: பிரேக் ஆயில் டப்பாவுக்குள் இரண்டு நிறம் இருந்தது.

தெருமுனை இறக்கத்தில் பெடல் தரைவரை போய், நான் மறுபடி மறுபடி மிதித்து, நம் கார் குப்பைத் தொட்டியில் முட்டி நின்றதே, அப்போது முதலில் இறங்கிப் பானெட்டைத் திறந்தவள் நான்தான். மூடியைக் கழற்றிப் பார்த்தேன். மேலே நான் ஊற்றிய சிலிகான் ஆயிலின் ஊதா. அடியில் தேன் நிறத்தில் சாதாரண ஆயில். நடுவில் சோப்புநுரை மாதிரி ஒரு கோடு. மூடியை மறுபடி இறுகத் திருகி மூடினேன்.

அதற்குள் பின்சீட்டிலிருந்து மாமா இறங்கிவிட்டார். "அச்சகத்துல எழுத்துப்பிழை திருத்துற பொண்ணு, பிரேக்கையும் திருத்திடுச்சுடா" என்று தெருவுக்கே கேட்கச் சொன்னார். என் விரலில் ஒட்டியிருந்த ஊதாவைப் பார்த்து, "ஆயிலா இது? நாவல்பழ சர்பத்து. ரெண்டு ஐஸ் போட்டுக் குடு, குடிச்சிட்டுப் போறேன்" என்றார். எதிர்வீட்டுக்காரர்களும் சிரித்தார்கள். நீங்கள் சிரிக்கவில்லை. "இது நமக்கு வேண்டாம்மா" என்று மட்டும் சொன்னீர்கள். மறுநாள் காலை அக்கா ஊருக்குப் புறப்பட்டுப் போய்விட்டீர்கள். இப்போது போனில், வருகிற ஒன்றாம் தேதி மாமா வந்து காரை எடுத்துக்கொள்ளட்டும், பழைய ஆயிலையே ஊற்றி அவர் பார்த்துக்கொள்வார் என்கிறீர்கள்.

நான் தரமாட்டேன், அப்பா. இதைப் போனிலேயே சொல்லியிருப்பேன். நீங்கள் "சரி சரி, அக்காகிட்ட பேசு" என்று போனைக் கைமாற்றி விடுவீர்கள். கடிதத்தை அப்படிக் கைமாற்ற முடியாது.

டப்பாவில் தேன் நிறம் எப்படி வந்தது என்று அம்மாவிடம் கேட்டேன். முதலில் தெரியாது என்றாள். பிறகு வெங்காயம் உரித்துக்கொண்டே எல்லாம் சொன்னாள். அன்று காலை நான் குளிக்கப் போயிருந்தபோது நீங்கள் பெடலை மிதித்துப் பார்த்தீர்களாம். கொஞ்சம் மெத்தென்று இருந்ததாம். பிள்ளை பிரேக் குழாயில் சிக்கிய காற்றைச் சரியாக எடுக்கவில்லை, மச்சான் முன்னால் அவமானப்பட்டுவிடக் கூடாது என்று அம்மாவை டிரைவர் சீட்டில் உட்கார வைத்தீர்களாம். நீங்கள் சக்கரத்துக்குப் பக்கத்தில் படுத்துக்கொண்டு மறுபடி காற்று எடுத்தீர்களாம். குறைந்ததற்கு உங்கள் பழைய பாட்டிலிலிருந்து ஊற்றி நிரப்பினீர்களாம். "மிதின்னா மிதிச்சேன், விடுன்னா விட்டேன். கல்யாணம் ஆனதிலேர்ந்து அதத்தானே பண்ணிட்டிருக்கேன்" என்றாள்.

ஊற்றுவதற்கு முன் பாட்டிலைக் குலுக்கினாரா என்று கேட்டேன். "உங்கப்பா எதைத்தான் குலுக்கல?" என்றாள்.

நீங்கள் இருமல் மருந்தைக் குலுக்குவீர்கள், சரி. மைப் பாட்டிலைக் குலுக்குவீர்கள், பால் பாக்கெட்டையும் குலுக்குவீர்கள். பிரேக் ஆயிலைக் குலுக்கினால் அதில் காற்று கலக்கும். அதுவும் இந்த இரண்டு ஆயிலும் ஒன்றோடொன்று சேரவே சேராது. ஒரே குழாயில் விட்டால் பெடலுக்கு அடியில் நுரைதான் இருக்கும். நான் குழாயில் காற்றை மிச்சம் வைத்துவிட்டேன் என்று நினைத்தீர்கள். இந்த ஆயில் போட்ட வண்டியில் பெடல் கொஞ்சம் மெத்தென்றுதான் இருக்கும். அது கோளாறு இல்லை, அதன் சுபாவம். உங்களிடம் முன்கூட்டியே சொல்லி வைக்காதது என் தப்பு. அந்த ஒரு தப்பை மட்டும் ஒப்புக்கொள்கிறேன்.

மற்றதை ஒப்புக்கொள்ள மாட்டேன். நம் கார் வருஷத்தில் பத்து மாதம் கொட்டகையில் நிற்கிற கார். நீங்கள் நம்புகிற ஆயில் காற்றிலிருந்தே ஈரத்தைக் குடிக்கும். போன மழையில் வீல் சிலிண்டர் இரண்டும் துருப்பிடித்து இறுகியது அதனால்தான். கசிந்த ஆயில் பானெட்டுக்குள் பெயின்ட்டைப் பாளம் பாளமாக உரித்ததும் நினைவிருக்கும். அந்த இடத்தை இரண்டு நாள் நீங்கள் தடவித் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள். சிலிகான் ஆயில் ஈரத்தைக் குடிக்காது, பெயின்ட்டைத் தொடாது. அதிலும் குறை உண்டு. தண்ணீர் எப்படியாவது உள்ளே போய்விட்டால் பள்ளமான இடத்தில் போய்த் தேங்கிக்கொள்ளும். விலையும் அதிகம். இதையெல்லாம் படித்து, எடைபோட்டுத்தான் ஊற்றினேன். புத்தகத்தில் படித்தது என்பதாலேயே ஒன்று பொய்யாகிவிடாது, மாமா எத்தனை முறை சிரித்தாலும்.

அன்றைக்கு நான் ஏன் வாய் திறக்கவில்லை என்று நீங்களே யோசித்துப் பார்ப்பீர்கள். என் மானத்தைக் காப்பாற்ற நீங்கள் எனக்குத் தெரியாமல் ஒரு வேலை செய்தீர்கள். மூடியைத் திறந்த கணத்தில், இந்த வீட்டில் வேறு யார் ஊற்றியிருப்பார்கள் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. முப்பது வருஷம் கம்பெனிக் கார் ஓட்டி ஒரு கீறல்கூட விடாதவர் நீங்கள். மாமா பக்கத்தில் நிற்கும்போது எப்படிச் சொல்வேன்? சிரிப்பு என்னோடு போகட்டும் என்று விட்டேன். சிரிப்பை விட்டுக்கொடுக்கலாம். காரை விட்டுக்கொடுக்க முடியாது. நான் வேலைக்குச் சேர்ந்த அன்று சாவியை என் கையில் வைத்து "இனிமே இது உன் பொறுப்பு" என்றவர் நீங்கள். சொன்னதைத் திரும்பப் பெற உங்களுக்கு உரிமை இருக்கலாம். நான் செய்யாத தப்புக்காகத் திரும்பப் பெற உரிமை கிடையாது.

போன வாரம் லீவு போட்டுவிட்டு எல்லாவற்றையும் மறுபடி கழற்றினேன். குழாய்களை ஸ்பிரிட் விட்டுக் கழுவி உலர்த்தினேன். ஒரு ரப்பர் கப்பைக்கூடப் பழையதாக விடவில்லை. ஆயிலை டப்பாவின் ஓரமாக, நூல் மாதிரி இறக்கினேன். ஒரு நாள் முழுக்க அப்படியே விட்டேன். பிறகு அம்மா மிதித்தாள், நான் காற்று எடுத்தேன். இந்த முறை ஏன், எதற்கு என்று அவளுக்குச் சொல்லித்தான் செய்தோம். "இவ்வளவுதானா? இதுக்கா அந்த மனுஷன் அத்தனை அதட்டு அதட்டினார்?" என்றாள்.

அந்த இறக்கத்திலேயே, குப்பைத் தொட்டிக்கு ஆறடி முன்னால் சாக்பீஸால் கோடு போட்டுப் பத்து முறை ஓட்டினேன். பத்து முறையும் கோட்டுக்கு இந்தப்பக்கமே நின்றது. அம்மா ஏழு முறை உடன் வந்தாள். எட்டாவதுக்குத் தலை சுற்றுகிறது என்று இறங்கிக்கொண்டாள். எதிர்வீட்டுக்காரர் கடைசி மூன்றையும் வாசலில் நின்று எண்ணினார்.

டப்பா மூடியில் ஒரு சீட்டு ஒட்டியிருக்கிறேன்: "ஊதா மட்டும். குலுக்கக் கூடாது." உங்கள் பாட்டிலை எறியவில்லை, மேல் தட்டில் இருக்கிறது.

மாமாவிடம் ஒன்றாம் தேதி வர வேண்டாம் என்று நானே சொல்லிவிட்டேன். ஏன் என்று கேட்டார். அப்பா வந்து சொல்வார் என்றேன். டப்பா விஷயத்தை நானும் அம்மாவும் அவரிடம் சொல்லவில்லை, சொல்லவும் மாட்டோம். நீங்கள் என்ன சொல்வீர்களோ அது உங்கள் இஷ்டம்.

நீங்கள் வரும் நாளை மட்டும் எழுதுங்கள். பஸ் நிலையத்துக்குக் காரோடு வருகிறேன். பக்கத்து சீட்டில் உட்காருங்கள். நான் ஓட்டும்போதெல்லாம் உங்கள் வலது கால் இல்லாத பிரேக்கைத் தேடித் தரையை மிதிக்குமே, அது எனக்குத் தெரியாது என்றா நினைத்தீர்கள்? மிதித்துக்கொள்ளுங்கள். ஆனால் வந்து உட்காருங்கள், அப்பா.

கண்ணுக்குச் சொட்டு மருந்தை வேளை தவறாமல் விடுங்கள். அதை மட்டும் நன்றாகக் குலுக்கலாம். அப்படித்தான் அதில் போட்டிருக்கிறது.

வண்டியையும் உங்களையும் விட்டுக்கொடுக்காத
உங்கள் சின்ன மகள்

(என் நோட்டில் இருக்கும் நகலுக்கு அடியில், பிறகு எழுதியது)

அப்பா பதில் எழுதவில்லை. மாமாவுக்குப் போன் செய்து, "அந்த ஆயில்ல கை வச்சது நான்தான், பிள்ளை இல்ல" என்று சொல்லியிருக்கிறார். மாமாவே வந்து சொன்னார், சிரிக்காமல். பதினெட்டாம் தேதி அப்பா வந்தார். நிலையத்திலிருந்து வீடுவரை நான்தான் ஓட்டினேன். தெருமுனை இறக்கத்தில் அவர் தரையை மிதித்தார், நான் பெடலை மிதித்தேன். வண்டி நின்றது.