துளசிராமனின் ஒப்புதல்

மார்ச் 3, திங்கள்
ஒன்பதரைக்குக் காலைக் கூட்டம். நின்றுகொண்டேதான் பேச வேண்டும் என்பது கம்பெனி விதி, வீட்டிலிருந்து வேலை செய்பவர்களுக்கும். புதுவாயல் வீட்டில் எங்களுக்குச் சமையலறையில்தான் சிக்னல். என் மனைவி மணியம்மாள் தோசை வார்க்க, பக்கத்தில் நின்று, நேற்று என்ன செய்தேன், இன்று என்ன செய்வேன் என்று முப்பது வயதுக்காரர்களிடம் ஒப்பித்தேன்.

எங்கள் குழுவில் புதிதாகச் சேர்ந்த பிரின்சியிடம் ஒரு வேலையைக் கொடுத்திருக்கிறார்கள். வெளிநாட்டுக் காப்பீட்டுக் கம்பெனி ஒன்றின் கிளைக்குத் தினமும் அறிக்கை அனுப்பும் பழைய புரோகிராமை நிறுத்த வேண்டும். கிளையையே மூடிவிட்டார்கள், அறிக்கை மட்டும் போய்க்கொண்டிருக்கிறது. ஐந்து நிமிட வேலை. உதவிக்கு என்னைப் போட்டிருக்கிறார்கள்.

மார்ச் 5
நிறுத்துவதற்குப் பொறுப்பாளர் ஒப்புதல் தர வேண்டும். பொறுப்பாளர் பெயர் துளசிராமன். நான்தான். ஆனால் நான் இல்லையாம். அவர் ஐந்து வருடம் முன்பு ஓய்வுபெற்ற நிரந்தர ஊழியர், பழைய எண். நான் ஒப்பந்தத்தில் திரும்பி வந்தவன், புதிய எண்.

பிரின்சி போனில் கேட்டாள்: "நீங்கதான சார் அவரு? அப்புறம் இன்னா?"

சரியான கேள்வி. ஆனாலும் விதி என்று வைத்தவர்கள் யோசிக்காமலா வைத்திருப்பார்கள்?

மார்ச் 10
கூட்டத்தில் மேனேஜர் குணா, துளசிராமனைப் பிடித்தீர்களா என்றார். பேசிவிட்டேன், அவருக்குச் சம்மதம்தான் என்றேன்.

"எழுத்துல வாங்கிடுங்க சார்."

கேலியோ என்று முகத்தைப் பார்த்தேன். இல்லை.

மார்ச் 11
அவருடைய பழைய முகவரிக்கு மெயில் அனுப்பினேன். 'ஐயா' போடுவதா வேண்டாமா என்று வெகுநேரம் யோசித்துவிட்டுப் போட்டேன். அப்படி ஒருவர் இல்லை என்று திரும்பி வந்தது.

மார்ச் 13
குணாவிடம் தனியாக உண்மையைச் சொன்னேன். அவர் வந்து ஒரு வருடம்தான். வேறு யாரோ என்றே நினைத்திருக்கிறார்.

"ஒரே ஆளுக்கு ரெண்டு நம்பர் இருக்கக் கூடாது சார். அவர்தான் நீங்கன்னு பதிவாச்சுன்னா புது நம்பரை எடுத்துடுவாங்க. உங்க கான்ட்ராக்டும் அதோட போயிடும். நான் எதையும் கேக்கல."

நானும் எதையும் சொல்லவில்லை என்றேன். பிறகு நடைமுறைப்படி, மெயில் திரும்பி வந்த அதே முகவரிக்கு, துளசிராமனுக்கு முதல் நினைவூட்டல் அனுப்பினேன்.

மார்ச் 17
இரண்டாம் நினைவூட்டல்.

மார்ச் 18
குணாவுக்கும் மேலதிகாரி சோனியா மேடம் கூட்டத்துக்கு வந்தார். இந்தத் துளசிராமன் ஏன் இப்படி இழுத்தடிக்கிறார், உங்களுக்குத் தெரிந்தவராமே, ஆள் எப்படி என்று என்னையே கேட்டார்.

கொஞ்சம் பயந்த சுபாவம் மேடம், ஆனால் நேர்மையானவர் என்றேன்.

பிற்பாதி தற்புகழ்ச்சியோ? பொய்யுமோ?

மார்ச் 21
பிரின்சி அழுதாள். அவளுடைய ஆறு மாதச் சோதனைக் காலம் முப்பத்தொன்றோடு முடிகிறது. கையில் இருப்பது இந்த ஒரு வேலைதான், முடிக்காவிட்டால் அவளை நிறுத்திவிடுவார்கள். அவள் அப்பா வேலை செய்த கும்மிடிப்பூண்டி உருக்காலையும் தீபாவளியிலிருந்து மூடிக் கிடக்கிறது.

"நான்தான் அவருன்னு ஒரு வார்த்த சொல்லிட்டா ஆவாதா சார்?"

பார்க்கலாம் என்றேன்.

பார்க்கலாமாம். இன்னா மனுஷன் நான்.

மார்ச் 22
மணியம்மாளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். தேங்காய் துருவிக்கொண்டே கேட்டாள்.

"ஒரு துளசிராமன வச்சிக்கினே நான் பேஜாரா கீறேன். ரெண்டு பேர வச்சிக்கினு அவங்க இன்னா பண்ணுவாங்க?"

சம்பளம் போய்விடும் என்று நான் பயப்படுவதாக நினைக்கிறாள். அது இல்லை. பென்ஷன் போதும். அறுபத்தைந்து வயதில் தினமும் காலையில் யாரோ பெயர் சொல்லிக் கூப்பிட்டு, இன்று என்ன செய்யப்போகிறீர்கள் என்று கேட்கிறார்கள். அதை விட மனம் வரவில்லை. அதற்காக அந்தப் பெண்ணை—

மார்ச் 25
சொல்லிவிட்டேன்.

சோனியா மேடமும் இருந்த காலைக் கூட்டத்தில் முதல் தடவை சொன்னது யாருக்கும் கேட்கவில்லை. மைக் அணைந்திருந்தது. இதோடு விட்டுவிடலாமா என்று உண்மையிலேயே நினைத்தேன். பிறகு மைக்கைத் திறந்து மறுபடியும் சொன்னேன்: "அந்தத் துளசிராமன் நான்தான் மேடம்."

சோனியா மேடம் கண்ணாடியைக் கழற்றினார்.

"அப்போ நினைவூட்டல் அனுப்பினது?"

"நான்தான் மேடம்."

"பதில் போடாதது?"

"அதுவும் நான்தான் மேடம்."

குணா காமிராவை அணைத்துவிட்டார். சிரித்தாரா, வருத்தமா, தெரியவில்லை.

மார்ச் 27
பழைய எண்ணுக்கு ஒரு வாரம் உயிர் கொடுத்திருக்கிறார்கள். அதில் நுழைந்து ஒப்புதல் கொடுத்தேன். பிரின்சி புரோகிராமை நிறுத்தினாள். ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை.

மாலையில் என் ஒப்பந்தம் முப்பத்தொன்றோடு முடிகிறது என்று மெயில் வந்தது. காரணம்: இரட்டைப் பதிவு.

மார்ச் 28
பிரின்சியை நிரந்தரமாக்கிவிட்டார்கள். போன் செய்தாள். பின்னால் அவள் அப்பா அதையே யாரிடமோ உரக்கச் சொல்லிக்கொண்டிருந்தார். ஒப்பந்தம் முடிந்ததை நான் சொல்லவில்லை, இன்றைக்கு எதற்கு.

மார்ச் 31, திங்கள்
விலகுகிறவர் தன் வேலைகளைப் பொறுப்பாளரிடம் ஒப்படைக்க ஒரு மணி நேரக் கூட்டம் நடத்தியாக வேண்டும். அழைப்பு வந்தது. ஒப்படைப்பவர்: துளசிராமன். பெறுபவர்: துளசிராமன்.

குணா, யாரும் பார்க்கப்போவதில்லை, விட்டுவிடுங்கள் சார் என்றார். மனம் கேட்கவில்லை. லேப்டாப்பில் புதிய எண்ணோடும், போனில் பழைய எண்ணோடும் சேர்ந்தேன். திரையில் இரண்டு கட்டங்கள், இரண்டிலும் அதே வழுக்கைத் தலை. எனக்குத் தெரிந்த புரோகிராம்களை ஒவ்வொன்றாக விளக்கினேன். அவர் குறுக்கே பேசவில்லை. இவ்வளவு கவனமாக யாரும் என்னைக் கேட்டதில்லை.

சந்தேகம் ஏதாவது உண்டா என்றேன். இல்லை.

முடிந்தது. அவர் முதலில் போகட்டும் என்று காத்திருந்தேன். அவரும் காத்திருந்தார்.